வெட்டுகல்லில் ஒரு கத்தித் தடம்

போன வருடம் எனக்குக் கல் பார்க்கும் பைத்தியம் பிடித்தது. கைபேசியில் பாடம் கேட்டேன். கறுப்பாய், கனமாய், நெருக்கமாய் இருந்தால் பசால்ட். தண்ணீரில் மிதந்தால் பியூமிஸ். சிவப்பாய், ஓட்டை ஓட்டையாய் இருந்தால் ஸ்கோரியா. மூன்றுமே எரிமலைக் கற்கள்.

திருவட்டாறில் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, புது வீடு கட்ட வெட்டுகல் இறக்கியிருந்தார். சிவப்புக் கல், உடம்பெல்லாம் ஓட்டை.

"அக்கா, இது எரிமலைக் கல்லாக்கும். இந்த ஓட்டையெல்லாம் காத்து வெளிய போன வழி" என்றேன், கொத்தனார் முன்னாலேயே.

அக்காவின் முகம் மாறியது. "நம்ம ஊருல வெட்டுன கல்லுதானே மக்கா? அப்போ அடியில தீ கெடக்குமா?"

"கெடக்கலாம்" என்றேன், பெரிய ஆள் மாதிரி.

மறுநாள் வேலை நின்றுவிட்டது.

நான் வரவழைத்திருந்த அசல் ஸ்கோரியா அந்த வாரம்தான் வந்தது. தேய்த்தால் விரலைக் கீறியது, நிறம் ஒட்டவில்லை. அக்காவின் கல் ஒன்றைத் தேய்த்தேன், கையெல்லாம் செம்மண். கத்தியால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. மழையில் ஊறி, வெயிலில் இறுகிய இரும்பு மண் அது. எரிமலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒறங்கியிருப்பேன் மக்கா."

இப்போதெல்லாம் யார் கல்லைக் காட்டினாலும் தேய்த்துப் பார்க்காமல் நான் வாய் திறப்பதில்லை.

அக்காவின் வீடு முடிந்துவிட்டது. சுவரெல்லாம் பூசியாயிற்று. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லை மட்டும் பூசாமல் விடச் சொல்லியிருக்கிறார். என் கத்தித் தடம் உள்ள கல். தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.