ஆரத்தி கொட்டிய கார்ப்பெட்

எங்கள் வீட்டில் கார்ப்பெட் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிடையாது. அப்படியிருக்க, வளைகுடாவிலிருந்து லீவில் வந்த சித்தப்பா, கார்ப்பெட் கழுவும் மெஷின் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்துக் கூடத்தில் இறக்கினார். அங்கே ஒரு விமான நிலையத்தில் அவருக்கு அதுதான் வேலை. உலகமே செருப்புக் காலோடு நடந்துபோகும் தரையை ஓயாமல் கழுவிக்கொண்டிருப்பது.

நீண்ட குழாயும் பெருத்த வயிறுமாக நின்ற அதைப் பார்த்துச் சித்தி, "யானையைக் கட்டித் தீனி போடுற கதையாத்தான் ஆகப்போகுது" என்றாள். ஆனால் தூசி படாமல் தினமும் தன் பழைய புடவையால் அந்த யானையைப் போர்த்தி வைத்ததும் அவள்தான்.

திருச்சியில் கார்ப்பெட் விரித்த ஏ.சி. கல்யாண மண்டபங்கள் பெருகிவிட்டன. அவற்றில் ஒன்றாவது நிரந்தரமாகக் கிடைத்தால் சித்தப்பா இங்கேயே இருந்துவிடுவார். கிடைக்காவிட்டால் லீவு முடிந்ததும் ஃப்ளைட் ஏறுவார். பீரோவின் மேல் அவருடைய பெரிய சூட்கேஸ், கைப்பிடியில் விமான நிலையச் சீட்டு தொங்க, எப்போதும் தயாராக உட்கார்ந்திருந்தது. எனக்கு இரண்டும் சம்மதம்தான். அவர் இருந்தால் மெஷினை வேடிக்கை பார்க்கலாம். போனால் சாக்லேட் வரும்.

முதல் வேலை கே.கே. நகர் பக்கம் ஒரு மண்டபத்தில் கிடைத்தது. பள்ளி விடுமுறை, சித்தப்பா சித்தியோடு நானும் ஒட்டிக்கொண்டேன். மறுநாள் அங்கே கல்யாணம். சித்தப்பா குழாயின் வாயைத் தரையில் அழுத்தி இழுத்தார். தண்ணீரைப் பீய்ச்சுவதும் அதை அழுக்கோடு உறிஞ்சுவதும் ஒரே இழுப்பில் நடந்தன. மண் நிறத் தரையில் குழாய் போன வழியெல்லாம் சந்தன நிறத்தில் பாதை விழுந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கார்ப்பெட்டே மண் நிறம்தான் என்று நினைத்திருந்த மேனேஜர், நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

நான் பார்த்தது தரையை அல்ல, மெஷினின் வயிற்றை. அதில் ஆடி மாதத்துக் காவிரி மாதிரி கலங்கிய தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது.

"இவ்வளவும் யாரோட அழுக்கு சித்தப்பா?"

"ஊரோடதும்மா. சாப்பிட்டு மொய் வச்ச அத்தனை பேரும் கால்ல கொண்டாந்து விட்டுட்டுப் போனது."

எனக்குப் புல்லரித்தது. எத்தனை மாப்பிள்ளைகள், எத்தனை மாமியார்கள், எத்தனை சண்டை சமாதானங்கள், எல்லாம் கரைந்து அந்தத் தொட்டியில் கிடந்தன.

மேனேஜர் சொல்லிவிட்டார். "நாளைக்குக் கல்யாணமும் சாயங்காலம் ரிசப்ஷனும் நல்லபடியா போகட்டுங்க. அப்புறம் மாசா மாசம் உங்களுக்குத்தான்."

மறுநாளும் மெஷினோடு நாங்கள் அங்கேயே இருந்தோம். தாலி கட்டியாயிற்று. மணமக்களுக்கு ஆரத்தி சுற்றிய அம்மாள் திரும்பும்போது யாருடைய முழங்கையோ தட்டில் பட்டது. மேடையின் சந்தன நிறக் கார்ப்பெட்டில் செக்கச் சிவந்த ஆரத்தி அப்படியே கொட்டியது. கூட்டம் சகுனம் பற்றிக் கிசுகிசுத்தது. "ரிசப்ஷனுக்குள்ள இது மறையணும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, மேனேஜரிடம். மேனேஜர் சித்தப்பாவைப் பார்த்தார்.

சித்தப்பா அசரவில்லை. தண்ணீர் விட்டு உறிஞ்சியதும் சிவப்பு வெளுத்து மஞ்சளாயிற்று. பிறகு, எந்தக் கறையையும் ஓட்டிவிடும் என்று அவர் பெருமையாகச் சொல்லும் சோப்பு நுரையைத் தெளித்தார். அவ்வளவுதான். மஞ்சள் மறுபடியும் இரத்தமாகச் சிவந்தது. இன்னும் தெளித்தார், இன்னும் சிவந்தது. காபி, ஐஸ்கிரீம், குழந்தைகளின் வாந்தி எல்லாவற்றையும் பார்த்த மனிதர் அவர். அந்த விமான நிலையத்தில் யாரும் யாருக்கும் ஆரத்தி எடுக்கவில்லை.

குழாயைப் பிடித்தபடி அவர் வெறுமனே நின்றார். என் சித்தப்பா அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை.

சித்தி மேடையேறி வந்து குனிந்து பார்த்தாள். "மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டாத்தானேங்க ஆரத்தி செவக்கும்? உங்க சோப்பும் அந்தச் சாதிதான் போல" என்றாள். வாசலில் வருகிறவர்களை வரவேற்க வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை முந்தானையில் அள்ளி வந்து, ஒன்றை அறுத்துச் சிவப்பின் மேல் பிழிந்தாள்.

சாறு பட்ட இடமெல்லாம் சிவப்பு செத்து மஞ்சளாக மாறியது. என் கண் முன்னாலேயே மாறியது. நான் வாய் பிளந்து நின்றேன். மந்திரவாதிகளை நான் அதன் பிறகு மதித்ததில்லை.

"மஞ்சளுக்கு வெயில்தான் மருந்து" என்றாள் சித்தி.

"மேடையை எப்படிம்மா வெயில்ல தூக்கிப் போடுறது?" என்றார் மேனேஜர்.

அதைக் கேட்டதும் சித்தப்பாவுக்கு உயிர் வந்தது. மண்டியிட்டு, கத்தி முனையை ஓர் இடத்தில் கொடுத்து நெம்பினார். கார்ப்பெட் ஒரு சதுரமாகப் பெயர்ந்து வந்தது. ஒரே விரிப்பு என்று நாங்கள் எல்லோரும் நம்பியது, உண்மையில் தரை ஓடு போலப் பக்கத்தில் பக்கத்தில் பதித்த சதுரங்கள்! கறை பட்டவற்றை மட்டும் பெயர்த்து மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனோம். திருச்சி வெயிலைத் திட்டாதவர்கள் உண்டா? அன்றைக்கு நான் அதைக் கும்பிட்டேன். சித்தி பந்திக்குக்கூட வராமல், எலுமிச்சைச் சாற்றைத் தொட்டுத் தொட்டு அந்தச் சதுரங்களின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்வதற்குள் மஞ்சள், இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

ரிசப்ஷனில் மணமக்கள் அந்தச் சதுரங்களின் மேல்தான் நின்று சிரித்தார்கள். மேனேஜர் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த மாசம் வந்துடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி புடவைகூட மாற்றவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த சூட்கேஸை இறக்கினாள். கைப்பிடியிலிருந்த விமான நிலையச் சீட்டைப் பிய்த்துப் போட்டாள். பழைய போர்வைகளை உள்ளே அடைத்துப் பூட்டினாள்.

"இனிமே சாக்லேட் எப்படி வரும் சித்தி?" என்று அழுதேன்.

சித்தி என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஏன் என்று கேட்டேன்.

"எலுமிச்சம்பழச் சாறு தெறிச்சிருச்சும்மா" என்றாள்.

மத்தியானம் பிழிந்த பழம் இன்னுமா எரிகிறது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, கண்ணை நன்றாகக் கழுவிக்கொள்ளச் சொன்னேன்.