பொலிஸ்காரரை நானே அழைத்து வந்த வீடு

பிசியோதெரபி முதுகலை படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தபோது, மொழியால் எனக்கு ஒரு சிக்கலும் வராது என்று நம்பினேன். கல்லூரி விடுதியில் இடமில்லாததால் தல்லாகுளத்தில் அறை தேடிப் போன முதல் வீட்டிலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

"மேல ஒரு அறை வாடகைக்கு இருக்கு எண்டு சொன்னவை. பார்க்கலாமோ?" என்றேன்.

கதவைத் திறந்த பெரியவர், "மலையாளமாம்மா?" என்றார்.

"இல்லை, தமிழ்தான். இலங்கை."

"அகதி கேம்ப்பா?"

"இல்லை, படிக்க வந்தனான். பாஸ்போர்ட், விசா எல்லாம் இருக்கு."

பாஸ்போர்ட் என்றதும் அவர் முகம் மாறியது. வெளிநாட்டவரைக் குடி வைத்தால் வீட்டுக்காரர் ஆன்லைனில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பிறகு பொலிஸ் விசாரிக்க வரும். "அந்த ரோதனையெல்லாம் நமக்கு எதுக்கும்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த இரண்டு வீடுகளிலும் இதே பதில்தான்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, கூடவே நல்ல பசியும். பரோட்டாக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே யோசித்தேன். அவர்களுக்குப் பயம் என்மேல் இல்லை, படிவத்தின்மேல்தான். அதை நானே சுமந்துகொண்டு போனால் என்ன?

மறுநாள் பாஸ்போர்ட், விசா எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு கோரிப்பாளையம் போனேன். தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டோடு தையல் கடை வைத்திருந்த ஓர் அக்கா மாடியறையை வாடகைக்கு விடுவதாகப் பலகை மாட்டியிருந்தார்.

"அக்கா, நான் வெளிநாட்டு ஆள். பொலிஸ் விசாரிக்க வரும். படிவத்தை நானே நிரப்பித் தாறன். இதைச் சொல்லிப்போட்டுத்தான் அறையைப் பார்ப்பன்."

அவர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "போலீசு வரும்னு சொல்லி வீடு கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன்." என் கையிலிருந்த ஃபைலை வாங்கிப் புரட்டினார். "எங்க வீட்டுக்காரரும் சவுதி போன புதுசுல இப்படித்தான் பேப்பரும் கையுமா அலைஞ்சாரு. மேல வா, ரூமப் பாரு."

அவருடைய போனில் இருவருமாக உட்கார்ந்து படிவத்தை ஏற்றினோம். இரண்டு முறை இணைப்பு அறுந்து, மூன்றாம் முறைதான் போனது.

ஒரு வாரமாகியும் யாரும் வரவில்லை. சந்தில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா ஊசியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "எப்பம்மா வருவாக? பக்கத்து வீட்டுல வேற கேக்குறாக."

அன்று மாலையே நான் ஸ்டேஷனுக்குப் போனேன். "என்ர வீட்டைப் பார்க்க எப்ப வருவீங்கள்?"

மேசையிலிருந்த ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாங்கதாம்மா தேடி வரணும். நீயே வந்து கூப்பிடுறியா?" சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி, முன்னால போ. வாரேன்" என்றார்.

வந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்தார், அக்காவிடம் நாலு கேள்வி கேட்டார், கையெழுத்து வாங்கினார். மாடிப்படியில் அவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்குவதைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"முழங்கால் நோகுதோ?"

"என்னது?"

"வலிக்குதா?"

"ஆமா, ரெண்டு வருசமா."

தையல் கடை நாற்காலியில் அவரை உட்காரவைத்து, காலை நேராக நீட்டிப் பத்து எண்ணும்வரை பிடித்து இறக்கச் சொன்னேன். சீருடையோடு அவர் காலை நீட்டி எண்ண, வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எம்புட்டு நாளைக்குச் செய்யணும்?"

"ஆறு கிழமை. அதாவது, ஆறு வாரம். அதுக்கும் குறையேல்லை எண்டால் டொக்டரைப் பாருங்கோ."

தலையாட்டிவிட்டுப் போனார். அக்கா கையிலிருந்த தேநீரைக்கூடக் குடிக்க மறந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் பக்கத்து வீட்டுக்காரம்மா மாடிக்கு வந்து என் கதவைத் தட்டினார். முழங்கால் வலிக்காக என்று நினைத்தேன். இல்லை.

"எங்க வீட்டுலயும் ஒரு ரூம் சும்மா கெடக்கு. ஒங்க காலேசுல வெளிநாட்டுப் புள்ளைக யாராச்சும் இருந்தாச் சொல்லும்மா. அந்தப் பாரத்த நீதான் நெரப்பித் தரணும்."

என் வகுப்பில் இன்னொரு வெளிநாட்டுப் பெண் அறையில்லாமல் அலைந்துகொண்டிருந்தாள். அடுத்த நாளே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.