சந்தேகக்காரி கோகிலவாணி

கோகிலவாணி தன் சித்தி மகன் கல்யாணத்துக்குப் போகவில்லை. பத்திரிகை வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைலாக வந்ததுதான் காரணம். கண்ட ஃபைலைத் திறந்தால் போன் அடுத்தவன் கைக்குப் போய்விடும் என்று அதைத் தொடாமலேயே வைத்துவிட்டாள். போன் போட்டுத் தேதியைக் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டாளாம். பத்திரிகையைத் திறந்து பார்க்கக்கூட உனக்கு மனசு வரவில்லையா என்று சித்தி போனை வைத்துவிட்டாளாம். அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

எங்கள் தாராவி கல்லியில், அந்த ஒரு சந்துக்குள், பை தைக்கிறவன், பெல்ட் அடிக்கிறவன், சட்டைக்குப் பொத்தான் வைக்கிறவன் என்று எல்லாப் பட்டறைக்கும் கம்ப்யூட்டர் வேலை அவளுடையதுதான். பில் போடும் சாஃப்ட்வேரை ஏற்றுவாள். கணக்கையெல்லாம் வாரத்துக்கு ஒரு முறை தனி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அதைக் கடையில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லுவாள். கடை எரிந்தால் கணக்கும் சேர்ந்து எரியவா என்பாள். நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவள்.

என்னுடையது பைக்கு வைக்கிற ஜிப், பக்கிள், ரன்னர் விற்கிற சின்னக் கடை. வைஃபை பாஸ்வேர்டை அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் சொல்லி வாய் வலிக்கிறது. அவள் முதல் நாள் வந்ததும் அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். பிறகு வருகிறவர்களுக்கு ஒரு வைஃபை, கடைக்கு ஒரு வைஃபை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தாள். கல்லாவில் ஒட்டியிருந்த க்யூஆர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். மேலே வேறு எவனாவது தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறானா என்று பார்க்கிறாளாம். அதன்பிறகு தினமும் கடை திறந்ததும் நானும் சுரண்டுகிறேன். தொத்து வியாதி.

அவள் பிறந்தது வளர்ந்தது எல்லாம் தாராவியில்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு இன்டர்நெட் கடையில் வேலைக்குப் போனாள். படித்தவர்கள், ஆபீஸர்கள் எல்லாம் வந்து மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போவார்களாம். மூடி வைக்கிறது இவள் வேலை. ஜனங்கள் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ரயிலேறிப் போகிறார்கள் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன் என்பாள். இப்போது வீடு திலக் நகரில். புருஷன் டிராம்பே பஸ்ஸில் கண்டக்டர். ஒரு நாள் அவர் போன் தொலைந்துபோய், யாரோ ஒருவர் போனிலிருந்து மெசேஜ் போட்டுக் கொஞ்சம் பணம் அனுப்பச் சொன்னார். இவள் திருப்பிக் கூப்பிட்டு, நம் கல்யாணத்தில் பந்தியில் யார் சண்டை போட்டது என்று கேட்டாள். அவர் நடுரோட்டில் நின்று யோசித்துச் சொன்ன பிறகுதான் பணம் போனது. அந்த மனிதர் இதை என்னிடம் பெருமையாகச் சொன்னாரா, புலம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் கல்லியே சந்தேகத்தில் வெந்துகொண்டிருந்த அந்த நாட்களைச் சொன்னால்தான் அவள் எப்படிப்பட்டவள் என்று புரியும்.

என் கடைக்கு எதிரே பிரம்மநாயகம் அண்ணாச்சியின் பை பட்டறை. ஆபீஸ்களுக்கும் காலேஜ்களுக்கும் மொத்தமாகப் பை தைத்துக் கொடுப்பார். கொட்டேஷன் மெயிலில் போகும். கொஞ்ச நாளாக இவர் ஒரு ரேட் அனுப்பினால், வாஷியிலிருந்து எவனோ ஒருவன் அதைவிட ஒரு நூல் குறைத்துக் கொடுத்து ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனான். ஒரு தடவை நடந்தால் தற்செயல். டிராம்பே பக்கத்துக் கம்பெனி ஆர்டரும் அதே மாதிரி போனபோது அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டறையில் கம்ப்யூட்டரில் உட்காருவது மாரிசெல்வி ஒருத்திதான். அப்பா இல்லாத பெண், அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அண்ணாச்சி வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவள் போனை எடுத்தால் இவர் தையலை நிறுத்திவிட்டுப் பார்ப்பார். அவள் புதுச் செருப்பு போட்டு வந்த அன்று பட்டறையே அவள் காலைப் பார்த்தது. அவளுடைய மாமா பையன் வாஷியில் வேலை பார்க்கிறான் என்று ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னான். வாஷியில் லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் அதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்? எதிர்க்கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற என்னையும் அண்ணாச்சி ஒரு நாள் ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்றது. அன்று அவர் வாங்கி வைத்த டீயை நான் குடிக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமையோடு மாரிசெல்வியை அனுப்பிவிடப் போகிறேன் என்று என்னிடம் சொன்னார். வேலையைவிட்டு அனுப்பினால் போகட்டும், வேறு வேலை கிடைக்கும். காட்டிக்கொடுத்தவள் என்ற பேரோடு அனுப்பினால் இந்தத் தாராவியில் ஒரு பட்டறைக்காரனும் அவளைக் கம்ப்யூட்டர் பக்கம் விடமாட்டான். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

அனுப்புவதற்கு முன்னால் அவள் கம்ப்யூட்டரில் என்ன செய்து வைத்திருக்கிறாள் என்று பார்த்துச் சொல்லக் கோகிலவாணியைக் கூப்பிட்டார். அண்ணாச்சி கூப்பிட்டதால் நானும் போய் உட்கார்ந்தேன். கோகிலவாணி வந்தவுடன் மாரிசெல்வியை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு ஆறுதல் வார்த்தை கிடையாது. போனைக் கொடு என்றாள், பென்டிரைவ் எங்கே என்றாள், ராத்திரி கம்ப்யூட்டரை மூடிவிட்டுத்தான் போகிறாயா என்றாள். அந்தப் பெண் நின்றுகொண்டே பதில் சொன்னது. இவளுக்கு மனசே இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது.

பிறகு கொட்டேஷன் போகிற மெயிலைத் திறந்தாள். அதன் பாஸ்வேர்டு அண்ணாச்சியின் குலசாமி பேர். சாமி பேர் இருந்தால் காவலாக இருக்கும் என்று அவரே வைத்தது. அதே சாமி பேர்தான் பட்டறை போர்டிலும், பில்லின் தலையிலும், அவர் ஸ்கூட்டரிலும் இருக்கிறது. இதைச் சொல்லி எத்தனை நாளாகக் கத்துகிறேன் என்று கோகிலவாணி ஒரு பாட்டம் திட்டினாள். சாமி பேரை எடுக்கச் சொல்கிறாயா என்று அண்ணாச்சி முறைத்தார்.

அவள் இந்த மெயில் எந்தெந்தக் கருவியில் திறந்திருக்கிறது என்று காட்டுகிற பக்கத்துக்குப் போனாள். திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

“இது பட்டறை மிஷின், அண்ணாச்சி. இது ஒங்க போன். இந்த மூணாவது லேப்டாப் யாருது? நவி மும்பை, வாஷி பக்கம்னு காட்டுது.”

அண்ணாச்சி மாரிசெல்வியைத் திரும்பிப் பார்த்தார். “இவ மாமா பையன் அங்கதான இருக்கான்.”

“இருக்கட்டும். பாஸ்வேர்டு தெரிஞ்சா மட்டும் உள்ள போவ முடியாது. புது லேப்டாப்ல தொறந்தா ஒங்க போனுக்கு ஓடிபி வரும். அப்படித்தான் நான் வச்சிருக்கேன். ஒங்க போன் ஒங்க சட்டைப்பையிலதான கெடக்கு? பொங்கல் கழிஞ்ச வாரம் இது தொறந்திருக்கு. யாருக்கு ஓடிபி சொன்னீய?”

அண்ணாச்சி யாருக்கும் சொல்லவில்லை என்றார். அப்படியெல்லாம் சொல்லுகிற ஆள் நான் இல்லை என்றார். பேங்கிலிருந்து என்று சொல்லிக் கேட்டவனையே ஹிந்தியில் திட்டி வைத்திருக்கிறேன் என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றிப்போவதை நான் கண்ணால் பார்த்தேன். மாரிசெல்வியை வெளியே போய் டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

அவருடைய மகள் இசக்கியைக் கட்டிக்கொடுத்தது வாஷியில். மருமகன் பேச்சிராஜா. அங்கே கூட்டாளியோடு சேர்ந்து ஏதோ ட்ரேடிங் செய்கிறார் என்று சொல்லுவார்கள். என்ன ட்ரேடிங் என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. கேட்டதில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள் மருமகன் கூப்பிட்டு, கோயில் கொடைக்கு ஊருக்குப் போக டிக்கெட் போடுகிறேன், உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கள் மாமா என்றாராம். இவர் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்.

“மாப்பிள்ளைகிட்ட எதுக்குன்னு எப்படிம்மா கேக்க?” என்றார்.

எங்கள் ஜனத்தில் அது நடக்கிற காரியமில்லைதான். மாப்பிள்ளை கேட்டால் கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் அன்றே மகளுக்கு அங்கே பேச்சு விழும். போனில் அப்பா சாப்பிட்டீங்களா என்று கேட்கிற குரல் மாறிப்போகும். பெண்ணைப் பெற்ற ஒவ்வொருவனுக்கும் அந்தப் பயம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

கோகிலவாணியிடம் அவர் கெஞ்சாத குறை. இது இப்படியே இருக்கட்டும், அந்த லேப்டாப்பை மட்டும் வெட்டிவிடு, மாப்பிள்ளை பேர் வெளியே வரவேண்டாம், மாரிசெல்விக்கு வேறு எங்கேயாவது நல்ல வேலையாகச் சொல்லி அனுப்பிவிடுகிறேன் என்றார். வீட்டு ஆளைக் காப்பாற்ற வெளியாளை அனுப்புவது. எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, அருவருப்பும் வந்தது.

கோகிலவாணி நேராக அவரைப் பார்த்தாள். “நீங்க அவள அனுப்புனா கல்லி என்கிட்ட கேக்கும், வாணி, நீதான மிஷினப் பாத்தன்னு. எனக்குப் பொய் சொல்ல வராது அண்ணாச்சி.”

பிறகு அவரிடம் கேட்காமலே வேலையில் இறங்கினாள். எல்லாக் கருவியிலிருந்தும் மெயிலை வெளியேற்றினாள். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்க ஒரு செயலி போட்டு, வாயில் நுழையாத நீளத்துக்குப் புதுசு ஒன்று வைத்து, அதன் சாவியை அண்ணாச்சிக்கு மட்டும் சொன்னாள். மாரிசெல்விக்கு பில் மட்டும் போடுகிற மாதிரி தனி லாகின். ஓடிபி எந்த நம்பருக்கு வரவேண்டும் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, டீயோடு வந்த மாரிசெல்வியின் நம்பரைக் கேட்டாள்.

அண்ணாச்சி திடுக்கிட்டார். “அவளுக்கா?”

“ஒங்க மாப்பிள்ளை அவளுக்கு மாப்பிள்ளை இல்ல. எதுக்குன்னு அவ கேப்பா.”

அதற்காக அந்தப் பெண்ணை அவள் நம்பிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். மாரிசெல்வி எதையாவது திறந்தால் அண்ணாச்சி போனுக்கு உடனே தகவல் போகிற மாதிரியும் செய்தாள். அதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னாள். மாரிசெல்வி தலையாட்டினாள். அன்று மத்தியானம் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. கோகிலவாணி என் கடை கம்ப்யூட்டரைப் பார்க்க வந்தவள் எதிரே எட்டிப் பார்த்தாள். நானும் கூடப் போனேன். அப்போதுதான் அண்ணாச்சி போன் அடித்தது. மருமகன். மெயிலில் ஜிஎஸ்டி பேப்பர் ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது, உள்ளே போக முடியவில்லை, பாஸ்வேர்டு மறந்துபோனதாகப் போட்டிருக்கிறேன், ஓடிபி வந்திருக்கும் மாமா, சொல்லுங்கள் என்றாராம். பழக்கதோஷம், அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார். அந்த நேரம் மேஜையில் மாரிசெல்வியின் போன் மினுங்கியது. இப்போது அது கணக்குப் பார்க்கிற பிள்ளைக்குத்தான் வருகிறது, பேசுங்கள் மாப்பிள்ளை என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் நீட்டினார். 

“எதுக்கு சார்?” என்றாள் மாரிசெல்வி.

 போன் கட்டானது.

  தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை மகள். அதையும் அவர் ஸ்பீக்கரிலேயே போட்டுவிட்டார்.

“அப்பா, ஏதோ ஓடிபியாம்லா. அந்தப் பொண்ணுகிட்ட வாங்கிச் சொல்லணுமாம்.”

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். மகளிடம் அவர் இதுவரை எதையும் எதுக்கு என்று கேட்டதில்லை.

“எதுக்கும்மா?”

“தெரியலப்பா. அவுக கேக்கச் சொன்னாவ.”

“நீ எதுக்குன்னு கேக்கலியா?”

“நான் எப்படிப்பா கேப்பேன்?”

மாரிசெல்வி எழுந்து வெளியே போனாள். நாங்களும் போயிருக்க வேண்டும், கால் வரவில்லை. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கேளு இசக்கி,” என்றார். “அப்பா கேக்கச் சொன்னாருன்னு சொல்லிக் கேளு. நான் லைன்லதான் இருக்கேன்.”