வெயிலில் மழையைத் துடைத்தவன்

என் கணவர் வெர்லின் ஸ்கோக்லண்ட் யாருடைய முகத்தையும் முதலில் பார்க்கமாட்டார். காலைத்தான் பார்ப்பார். என் அம்மா இறந்த செய்தி வந்த அன்று கல்லூரிக் கொதிகலன் அறைக்கு அவரைத் தேடிப் போனேன். கதவைத் தாண்டி நான்கு அடிதான் வைத்திருப்பேன். கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவா?" என்றார். அன்று எனக்கு ஆறுதலைவிட அச்சம்தான் அதிகமாக இருந்தது.

அவரை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டே எல்லோரும் கொதிகலன்களைப் பற்றிப் பேசினார்கள். முப்பத்தொரு டகோட்டாக் குளிர்காலங்களில் ஒரு நாள்கூட விடுதியில் வெப்பம் நின்றதில்லையாம். கல்லூரி ஃபுட்பால் அணியில் ஆடி இப்போது தலை நரைத்த இரண்டு பேர் மட்டும், எதிரணியைப் பற்றி அவர் எழுதித் தந்த திங்கட்கிழமைத் தாளை நினைவுகூர்ந்தார்கள். 1978 அக்டோபரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பேச முடியாது. அதை அறிந்திருந்தவர்கள் மூன்றே பேர். ஓரின் காட்லெக் ஆறு வருடத்துக்கு முன்பே போய்விட்டார். இப்போது வெர்லினும் போய்விட்டார்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற எங்கள் அமெரிக்க ஃபுட்பாலை வெர்லின் வாழ்நாளில் ஆடியதில்லை. இருபது வயதில் மாட்டுச் சந்தையில் ஏலக்காரருக்கு உதவியாளாக இருந்தவர். அங்கே விலை கேட்கிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. ஒருவர் தொப்பி விளிம்பைத் தொடுவார், இன்னொருவர் பல்குச்சியை வாயின் மறுபக்கம் தள்ளுவார். கூட்டத்தில் அதைக் கண்டுபிடித்துக் குரல் கொடுப்பதுதான் அவர் வேலை. கல்லூரிக்குக் கொதிகலன் வேலைக்கு வந்த பிறகு சனிக்கிழமைகளில் மைதானத்தில் உட்கார்ந்து, எதிரணி அடுத்து என்ன செய்யும் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பார். பயிற்சியாளர் டுவேன் ஹோஃபர் ஒருநாள் பின்னால் வந்து நின்று கேட்டிருக்கிறார்.

"ஏம்ப்பா, நீ சொல்றது பாதிக்குப் பாதி சரியா வருதே."

"பாதி இல்ல கோச். ஒன்பதுக்கு எட்டு. அந்த ஒண்ணு நான் தும்மிட்டேன்."

அப்படித்தான் அந்த வேலை அவருக்கு வந்தது. ஒவ்வொரு வாரமும் அடுத்த எதிரணியின் படச்சுருளைப் பார்த்து ஒரு தாள் எழுதுவார். முன்பக்கத்தில் அவர்களுடைய பலம், பின்பக்கத்தில் பலவீனம். வலப்பக்கத் தடுப்பாளன் தரையில் ஊன்றும் விரல்நுனி வெளுத்திருந்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள், வெளுக்கவில்லையென்றால் எறியப்போகிறார்கள். இப்படி இருபது முப்பது குறிப்புகள். பந்து தரையிலிருந்து எழும்பி விசில் ஊதும்வரை ஒரு சுற்று. படத்தை முன்னும் பின்னும் ஓட்டி ஒவ்வொரு சுற்றையும் அவர் சொல்லச் சொல்ல, நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் போட்ட தாளில் எழுதுவேன். கல்யாணமான வருடத்திலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் போயின.

படங்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும். கடைசி இரண்டு போட்டிகள், ஒரு துண்டுகூட வெட்டாமல். கார்வெல் கல்லூரியோடு மோதுகிற வாரத்தில் அந்த மாற்றம் ஹென்ஷாவில் நடக்கும். இரண்டு ஊருக்கும் நடுவில், தானியக் கிடங்கும் ஒரு காபிக் கடையும் மட்டுமே உள்ள இடம். கார்வெல்லுக்காக வருபவர் அவர்களுடைய ஒற்றர் ஓரின் காட்லெக். இருபது வருடப் பழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். ஓரின் தகர டப்பாக்களைக் காரின் மூக்கில் வைத்தார்.

"எங்க பசங்க பண்ணின பாவமெல்லாம் இதுக்குள்ள இருக்கு. சர்ச்சுக்குப் போகாம இங்க வந்திருக்க, இதையாவது பக்தியா பாரு."

"உங்க பாவத்துக்கு ரெண்டு டப்பா போதுமா ஓரின்?"

"ஆறு போட்டி ஜெயிச்ச திமிரு பேசுது. ஆர்டிஸ், இவனுக்கு வீட்ல சோறு போடறதைக் குறைம்மா."

உண்மைதான். அந்த வருடம் எங்கள் பையன்கள் ஆறில் ஆறும் வென்றிருந்தார்கள். கார்வெல்லையும் வென்றால் தோல்வியே இல்லாத வருடமாக முடியும். அறுபது வருடத்தில் எங்கள் கல்லூரிக்கு அப்படி ஒன்று வாய்த்ததில்லை.

கொதிகலன் அறைக்குப் பின்னால் சன்னல் இல்லாத ஓர் அறையில் புரொஜெக்டர் இருந்தது. மதியம் ஒரு மணிக்கு உட்கார்ந்தோம். கார்வெல்லின் பலம் ஒரே ஆள்: ஐம்பத்துநான்காம் எண், கர்ட்டிஸ் வீப். தடுப்பு வரிசைக்குப் பின்னால் நடுவில் நின்று, பந்தோடு வருகிறவனை வீழ்த்துகிறவன். அவனுக்கென்று தனித் தாள் போட்டோம். ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பத்திகள்: பந்து போன பக்கம், அவன் முதல் அடி வைத்த பக்கம்.

முதல் படம் இரண்டு வாரத்துக்கு முன் நடந்த போட்டி. கொட்டும் மழை. பந்து இடப்பக்கம், அவன் அடி இடப்பக்கம். பந்து பின்னால், அவன் அடி பின்னால். இரண்டு பத்தியும் ஒன்றுபோலவே வந்தன. சுற்றுகளுக்கு நடுவே தலைக்கவசக் கம்பிகளில் வழிந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். முப்பத்தெட்டாவது சுற்றில் இரண்டு பேர் அவன் தலையில் மோதினார்கள். விழுந்தான். இடது முழங்காலை ஊன்றி, கவசத்தை இரு கையாலும் பிடித்து எழுந்தான். ஆட்டத்தைத் தொடர்ந்தான்.

இரண்டாவது படம் முந்தின நாளுடையது. நல்ல வெயில், எல்லோருடைய நிழலும் கறுப்பாகத் தரையில் விழுந்திருந்தது. வெர்லின் சொல்லிக்கொண்டே வந்தார். "பந்து வலம். அவன் இடம். பந்து நடுவுல. அவன் இடம். பந்து இடம். அவன் பின்னால. என்னடா இது, பய தூங்கறானா?" முதல் அடி தப்பாக வைத்துவிட்டு, பிறகு மோப்பம் பிடித்த நாய் மாதிரி திரும்பிப் பந்தைத் துரத்திப் பிடித்துவிடுவான். அன்று பதினொரு பேரை வீழ்த்தியிருந்தான்.

இருபதாவது சுற்றுக்கு மேல் என் கைதான் முதலில் உணர்ந்தது. அவர் சொல்வதற்கு முன்பே என்ன எழுதப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்தது. மழைப் படத்துக்கு எழுதிய தாளை எடுத்து அருகில் வைத்தேன்.

"வெர்லின், படத்தை நிறுத்து."

"ஏன்?"

"அடுத்த அடி வலப்பக்கம். அதுக்கடுத்தது பின்னால. அப்புறம் ரெண்டு தடவை இடப்பக்கம். சரியான்னு பாரு."

ஓட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. எழுந்துபோய் வேதியியல் துறையின் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சுவரில் இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. சத்தமில்லாத படங்கள். இடப்பக்கம் மழையில் கர்ட்டிஸ் வீப் கால் வைத்தான். வலப்பக்கம் வெயிலில் அதே காலை அதே பக்கம் வைத்தான். இடப்பக்கம் மழைத் தண்ணீரைத் துடைத்தான். வலப்பக்கமும் கம்பிகளில் இல்லாத தண்ணீரைப் புறங்கையால் துடைத்து, கையை உதறினான்.

முப்பத்தெட்டாவது சுற்று வந்தது. வலப்படத்தில் பந்து மைதானத்தின் மறு ஓரத்தில் இருந்தது. அவனைச் சுற்றிப் பத்தடிக்கு ஒருவரும் இல்லை. அவன் தலை பின்னுக்குச் சாய்ந்தது, விழுந்தான். இடது முழங்காலை ஊன்றி, கவசத்தை இரு கையாலும் பிடித்து எழுந்தான்.

கொதிகலன் பக்கத்து அறையில் இரைந்துகொண்டிருந்தது.

"அவன் இன்னும் அந்த மழையிலதான் இருக்கான்" என்றார் வெர்லின்.

இதைவிடப் பெரிய பலவீனத்தை எந்த ஒற்றனும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவன் எந்தச் சுற்றில் எந்தப் பக்கம் கால் வைப்பான் என்பது எங்கள் தாளில் இருந்தது. முப்பத்தெட்டாவதில் அவன் தானாக விழுகிற நேரம் எங்கள் ஓட்டக்காரனை அவன்மேல் ஏவினால் ஆட்டம் எங்களுடையது. அந்தத் தலையில் இன்னொரு மோதல் விழுந்தால் அவன் எழமாட்டான் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அதைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினால் பையன் செத்துப்போவான். எழுதாவிட்டாலும் அவன் ஆடத்தான் போகிறான்.

திங்கட்கிழமை வெர்லின் ஓரினுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஓரின் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது.

"அட, எங்க ஐம்பத்துநாலை உக்கார வைக்கணுமா? அவ்வளவுதானா? வேணும்னா ரெண்டு கோல் கம்பத்தையும் உங்களுக்குத் தோதா நட்டுக் குடுத்துடறோம்பா."

"ஓரின், விளையாடல. வெயில்ல மழையைத் துடைக்கறான்."

"அது பேரு வேர்வை."

"யாரும் தொடாம விழறான்."

"கால் தடுக்கியிருக்கும். மூணு வருஷத்துக்கு முன்னால உங்க எறிகாரன் கையில கட்டுப் போட்டு மைதானத்துல சுத்தவிட்டியே, நல்ல கையில! நான் முட்டாள் மாதிரி எங்க கோச்சுகிட்ட போய் அவன் எறியமாட்டான்னு சொன்னேன். நாலு தடவை எறிஞ்சு நாலும் கோல். மறந்துட்டியா? நான் மறக்கல."

வெர்லின் ரிசீவரை வைத்தார். கட்டுப் போட்டது அவர் யோசனைதான். அன்று நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

திங்கட்கிழமைத் தாளில் ஐம்பத்துநான்கின் பக்கத்தில் 'பலமானவன், ஒதுங்கிப் போகவும்' என்று மட்டும் எழுதினார். அவர் எழுதிய ஒரே பொய்.

புதன்கிழமை மதியம் இரும்பு அலமாரியைத் திறந்து எங்கள் சொந்தத் தாளை எடுத்தார். போட்டி இல்லாத வாரத்தில் எதிரியின் கண்ணால் நம்மையே ஒற்றறிந்து எழுதுவது வழக்கம். எங்கள் பையன்களை அம்மணமாக நிறுத்திய தாள் அது: யார் கண் எந்தப் பக்கம் போனால் பந்து எங்கே போகும், யாருக்கு இடது முழங்கால் வலிக்கிறது என்பதெல்லாம் இருந்தது. திருத்துவதற்கு நேரம் இல்லாத குறைகள்தான் பாதிக்கு மேல். ஹோஃபரும் வெர்லினும் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை.

"வண்டியில ஏறு ஆர்டிஸ்" என்றார்.

ஹென்ஷா காபிக் கடையில் ஓரின் தாளைப் படித்தார். கேலி செய்ய வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது நிஜமா?"

"எங்க படம்தான் உங்கிட்ட இருக்கே. போட்டுச் சரிபாத்துக்க."

"இதை எதுக்கு எனக்குத் தர்ற?"

"ஏமாத்தறவன் இதைத் தருவானா? அதுக்குத்தான்."

ஓரின் தாளை மடித்தார், பிரித்தார். காபி ஆறிப்போயிருந்தது.

"வெர்லின், பாத்ததைப் பாக்கலைன்னு என்னால இருக்க முடியாது. எங்க கோச்சுக்கு இது போகும்."

"தெரியும்."

"உன் பேரைச் சொல்லமாட்டேன். அந்தப் பையனை நானே படத்துல கவனிச்சேன்னு சொல்லிக்கறேன்."

"அவனை உக்கார வை. அது போதும்."

திரும்பி வரும்போது எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும், "நாப்பத்துமூணு பசங்களோட வருஷத்தை வித்துட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை கார்வெல் மருத்துவர் பையனின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்திருக்கிறார். பெயர், கிழமை, ஆளுநர் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னானாம். ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். இருந்தாலும் ஓரின் பிடிவாதமாக நின்று அவனை உட்காரவைத்தார்.

சனிக்கிழமை காற்று உலர்ந்திருந்தது, வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கர்ட்டிஸ் வீப் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு தன் அணியின் பெஞ்சுக்கு முன்னால் நின்றான். கார்வெல்காரர்கள் எங்கள் ஒவ்வொரு சுற்றையும் முன்கூட்டியே அறிந்தவர்களாக ஆடினார்கள். எங்கள் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண், "நம்மாளுங்க மனசைப் படிச்சிருக்காங்கடி, பேய் பிடிச்ச மாதிரி" என்றாள். நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. மடியில் அந்த மழைப் படத்தின் தாள் இருந்தது. நான் கர்ட்டிஸ் வீப்பின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்து எழும்பி ஒவ்வொரு சுற்று தொடங்கும்போதும், பெஞ்சுக்கு முன்னால், கோட்டுக்குள், அவன் ஓர் அடி வைத்தான். இடப்பக்கம். இடப்பக்கம். பின்னால். வலப்பக்கம். பக்கத்தில் நின்றவர்கள் குளிருக்குக் கால் மாற்றுகிறான் என்று நினைத்திருப்பார்கள். நடுநடுவே புறங்கையால் முகத்தைத் துடைத்து உதறினான்.

முப்பத்தாறு என்று எண்ணியபோது வெர்லின் இருக்கைகளுக்கு மேலே, ஆட்டத்தைக் கவனிக்க அவர் உட்காரும் கண்ணாடி அறையிலிருந்து படியிறங்குவதைக் கண்டேன். ஓடக்கூடாது என்று முயன்று ஓடினார். முப்பத்தேழில் மைதான வேலியைத் தாண்டி, எதிரணிப் பக்கம், எதிரணி மருத்துவரின் தோளைப் பிடித்தார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மருத்துவர் எரிச்சலோடு திரும்பியபோது, பையனின் தலை பின்னுக்குச் சாய்ந்தது. யாரும் தொடவில்லை. விழுந்தான்.

இந்த முறை இடது முழங்கால் ஊன்றப்படவில்லை.

ஆம்புலன்ஸ் வாசலிலேயே நின்றதாலும் மருத்துவர் ஓரடி தூரத்தில் இருந்ததாலும் அவன் பிழைத்தான். மண்டையைத் திறந்து, உறைந்திருந்த ரத்தத்தை எடுத்தார்கள். மைதானத்தில் ஒரு மோதலோடு விழுந்திருந்தால் அறுவை மேசைவரை வந்திருக்கமாட்டான் என்றார் அறுவை மருத்துவர். நாங்கள் 27-3 என்று தோற்றோம்.

திங்கட்கிழமை ஹோஃபர் கொதிகலன் அறை வாசலில் வந்து நின்றார். "உன் தாள் இந்தத் தடவை கைவிட்டுடுச்சு வெர்லின்" என்றார், கோபமில்லாமல்.

"ஆமா கோச்."

அந்தப் பருவம் முடிந்ததும் வெர்லின் தாள் எழுதுவதை விட்டு, தன் புரொஜெக்டரையும் வேதியியல் துறைக்கே கொடுத்துவிட்டார். அதன்பிறகு சனிக்கிழமைகளில் சீட்டி அடித்துக்கொண்டு குழாய்களுக்கு வர்ணம் பூசினார். கர்ட்டிஸ் வீப்பை நான் ஒருமுறை டிராக்டர் உதிரிபாகக் கடையில் பார்த்தேன். காதுக்கு மேல் குதிரைலாடம்போல் தழும்பு. நான் தவறவிட்ட கையுறையை எடுத்துக் கொடுத்தான். அந்த அக்டோபரில் ஒரு நாள்கூட அவனுக்கு நினைவில்லை என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

வெர்லினின் கடைசி நாட்களில் பேச்சு நின்றுபோயிருந்தது. மருத்துவமனையில் மூன்றாம் நாள் பிற்பகல், சன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. போர்வைக்கு அடியில் அவர் பாதம் அசைந்தது. முதலில் நரம்பு இழுக்கிறது என்று நினைத்தேன். இடப்பக்கம். சற்று நேரம் கழித்து, மறுபடி இடப்பக்கம். பின்னால். வலப்பக்கம்.

கர்ட்டிஸ் வீப்பின் அடிகளை எழுதிய அந்தப் பத்தி நாற்பது வருடமாக எனக்கு மனப்பாடம். அடுத்தது என்ன என்று ஒவ்வொரு முறையும் எனக்குத் தெரிந்திருந்தது, ஒவ்வொரு முறையும் அதுவே வந்தது. இருபத்தொன்பதாவதில் அவர் புறங்கையைத் தூக்கி நெற்றியைத் துடைத்து உதறினார். தொட்டுப் பார்த்தேன். நெற்றி உலர்ந்திருந்தது.

முப்பத்தெட்டு வருமுன், முப்பத்தொன்றோடு எண்ணுவதை நிறுத்தினேன். அவர் காலைப் பார்க்கவில்லை. நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். செவிலி வந்து என் தோளைத் தொடும்வரை.