அலாரத்தை அடக்கிய விரல்

அலாரம் கேட்டால் ரோசிலியின் விரல் தானாக நீண்டுவிடும். வீட்டில் குக்கர் கூவினாலும் சுவரில் பொத்தானைத் தேடும். "அம்மச்சி, அது கடலைக்கறி, பேஷண்ட் இல்ல" என்பாள் மகள். திருச்சூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருட நர்ஸ் வேலை கொடுத்த வியாதி இது.

மெஷின்களோடு அவளுக்குப் பகை கிடையாது. "கைக்கடிகாரத்தப் பாத்து சொட்டு மருந்து எண்ணினவ யாரும் மெஷின் வேண்டாம்னு சொல்லமாட்டா, மோளே" என்பாள் இளைய நர்ஸுகளிடம். ஆனாலும் திரையைப் பார்க்குமுன் நோயாளியின் கால் கட்டைவிரலில் சூடு இருக்கிறதா என்று பிடித்துப் பார்ப்பாள். 'ரோசிலி சேச்சியின் கரண்டு வேண்டாத மானிட்டர்' என்று அதற்கு அவர்கள் வைத்த பெயர்.

புது மானிட்டர்கள் வந்ததும் ஆட்களைக் குறைத்தார்கள். ஒரு நர்ஸுக்கு இரண்டு கட்டில் என்றிருந்தது ஐந்தானது. மெஷின்தான் பார்த்துக்கொள்கிறதே என்றார் மேலாளர் பௌலோஸ். "மெஷின் பாக்கும். பீ தொடைக்குமா, சாரே?" என்று கேட்டாள் ரோசிலி.

போன செவ்வாய்க்கிழமை, ஆறாம் கட்டிலில் வறீதேட்டன். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆக்சிஜன் அளக்க விரலில் மாட்டிய கிளிப்பைக் காலையிலிருந்து முப்பது தடவையாவது உதறியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அலாரம் அலறியது, ரோசிலி ஓடிப்போய் மாட்டிவிட்டாள். அடுத்து அலறியபோது, பக்கத்துக் கட்டில்காரரை ஒருக்களித்துப் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி அடக்கினாள். பொத்தானை அழுத்தினால் இரண்டு நிமிடத்துக்கு மெஷின் கத்தாது. அந்தத் தடவை கிளிப் விரலில்தான் இருந்தது.

மறுபடி அலறியபோது அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. எல்லோரும் ஓடிவந்து நெஞ்சை அழுத்தினார்கள். பிழைக்கவில்லை.

பதினொன்று நாற்பத்திரண்டு, ஆறாம் கட்டில், அலாரம் நிறுத்தப்பட்டது என்று மெஷின் குறித்து வைத்திருந்தது. அவள் எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று குறிக்க அதில் இடமில்லை. மேலாளருக்கு அது மெத்தச் சௌகரியம்.

"மெஷின் பொய் சொல்லாது, சிஸ்டர்" என்று ஒரு தாளை நீட்டினார் பௌலோஸ்.

"அன்னிக்குக் காலைல பூரா பொய்தான் சொல்லிச்சு, சாரே. உண்மை சொன்னப்ப நான் கேக்கல. அது என் தப்புதான். அஞ்சு கட்டில்னும் ஒரு வரி எழுதுங்க."

"அது இங்க தேவையில்ல. கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா நாளைக்கு வரவேண்டாம்."

அஜாக்கிரதை தன்னுடையது என்ற தாளில் ரோசிலி கையெழுத்திட்டாள். பெயருக்குக் கீழே 'ஐந்து கட்டில்' என்று எழுதினாள். பௌலோஸ் அதைக் கிழித்துவிட்டு இன்னொரு தாள் டைப் அடித்துக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் கையெழுத்திட்டு, அதிலும் எழுதினாள். அதையும் கிழித்தார்.

பேனாவை மூடாமல், மூன்றாவது தாளுக்காக ரோசிலி கையை நீட்டினாள்.