ஏழாள்முகத்துக்கு ஓர் அஞ்சலி

உயிரோடு இருப்பவர்களுக்கு, அதுவும் அவர்களில் சிலரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே, இரண்டு நிமிட மௌன அஞ்சலி நடத்திய மடையன் நான்தான். மறுக்க வழியில்லை, போட்டோ இருக்கிறது. எங்கள் ஃபோர்மேன் அண்ணனின் பணி ஓய்வு விழா. கூட்டமே தலை குனிந்து நிற்க, கழுத்தில் மாலையோடு அவர் மட்டும் நிமிர்ந்து என்னை முறைக்கிறார்.

அவர் கடலோரத்துக்காரர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் நிற்கும்போதெல்லாம் டீயோடு ஆரம்பிப்பார்: "எங்க ஊர்ல கடல் உள்ள நுழையிற எடத்துக்கு ஏழாள்முகம்னு பேரு. ஏன்னு கேளு. ஒரு புயல்ல ஏழு ஆளுங்க..." அதற்குள் பெல்ட் கிளம்பும் மணி அடித்துவிடும். எத்தனையோ வருஷம் கேட்டும் கதை அந்தப் புயலைத் தாண்டவில்லை. ஏழு பேரும் கடலுக்குப் போனார்களா, கடலிலிருந்து வந்தார்களா என்றே எனக்குக் குழப்பம். நான் சுரங்கத் தொழிலாளர் நகரியத்தில் பிறந்தவன். பிளாக் நம்பரும் குவார்ட்டர்ஸ் நம்பரும்தான் என் ஊர்ப்பெயர். சுரங்கத்தில் ஓர் இடத்தைக் காட்டி 'இங்கே மூன்று பேர்' என்றால் அது விபத்துதான். செத்தவர்களுக்காக ஷிப்ட் தொடங்குமுன் எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்போம். ஏழு பேர் கதைக்கும் அதே முடிவைத்தான் நானாகவே ஒட்டிக்கொண்டேன்.

விழாவில் மைக்கைப் பிடித்து, "ஏழாள்முகத்தில் உயிர்நீத்த எழுவருக்கு..." என்றேன். எல்லோரும் எழுந்தார்கள். முன்வரிசையில் அண்ணனின் பெரியப்பாவும் பணிவாக எழுந்து, பக்கத்து ஆளைக் கேட்டார்: "யாருப்பா செத்தது? அந்த ஏழு பேர்ல நான் மூணாவது ஆளாச்சே!"

புயல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிட, உள்ளே சிக்கிய படகுகளுக்காக மூன்று நாள் மண்வெட்டியால் வெட்டி வழி திறந்த ஏழு பேராம் அவர்கள். ஏழு பேரும் நன்றாக இருக்கிறார்களாம். அதில் வயதில் சின்னவர் யார் தெரியுமா? சாட்சாத் நம் ஃபோர்மேன் அண்ணன். அன்று ஒரு வார்த்தை பேசாமல் ஊருக்குப் போனவர், ஒரு வருஷமாக என் போனையும் எடுக்கவில்லை. அவர் கையால்தான் வேலை கற்றேன். அந்த மௌனம் என்னைத் தின்றது.

போன மாதம் நேரிலேயே போய்விட்டேன். பழக்கதோஷம், பஸ்ஸை விட்டு இறங்கி, "அவர் வீடு எந்த பிளாக்கில்?" என்று விசாரித்தேன். ஊரே சிரித்து, கடற்கரைக்குக் கைகாட்டியது. முகத்துவாரம் மறுபடி தூர்ந்திருந்தது. முழங்கால் தண்ணீரில் நாலைந்து பேரோடு அண்ணன் மணல் வெட்டிக்கொண்டிருந்தார். எப்படி மன்னிப்புக் கேட்பதென்று வழிநெடுக ஒத்திகை பார்த்து வந்த வசனம் மறந்துபோய், "ண்ணா, நானும் ஒரு கை குடுக்கட்டுமா? தப்பா நெனைச்சுக்காதீங்க, அன்னிக்கு நான்..." என்று உளறினேன்.

போட்டோவில் இருக்கும் அதே முறைப்பு. மண்வெட்டியை என் கையில் திணித்தார்.

"ரெண்டு நிமிசம் வாய மூடிகினு வெட்டு."