வாசிக்காத பதில்

கிளிநொச்சியில் நாங்கள் வேலை செய்த சின்ன அலுவலகத்தில், காலையில் வந்தவுடன் அக்காவின் திரையில் ஓர் எண் விழும்: 200. கேட்டதற்குப் பதில் அனுப்பியாயிற்று என்று தூரத்துச் சேர்வர் கணினி சொல்லும் எண் அது. அதைக் கண்டதும் அக்காவின் முகம் தெளியும். இப்போது நான் வவுனியாவில் வேறோர் இடத்தில் இருக்கிறேன். இன்றைக்கும் அந்த எண்ணைக் கண்டால் என் விரல் தயங்கி நிற்கிறது.

அக்காதான் எங்கள் குழுவுக்குத் தலைவி. ஜாவாவில் புரோகிராம் எழுதும்போது எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எழும்புகிறவர்களை ஏசு ஏசென்று ஏசுவார். "200 எண்டவுடன துள்ளாதை. பதில் உள்ளுக்க கிடக்கு. ஸ்ட்ரீமைத் திறந்து கடைசிவரைக்கும் வாசி!" அப்படிப்பட்டவர் தனக்கென்று எழுதி வைத்திருந்த புரோகிராமை ஒருநாள் கண்டேன். இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் காணாமற்போன தன் கணவரின் பெயரை, காணாமற்போனோரைத் தேடும் வெளிநாட்டு இணையத்தளம் ஒன்றுக்கு அது தினமும் அனுப்பியது. எண்ணைக் காட்டியது. பதிலை வாசிக்காமலே மூடியது.

ஏன் என்று கேட்டேன். "அவற்ர அம்மா, மாமி, ஸ்கந்தபுரத்தில இருந்து காலமையில போன் எடுப்பா. பதில் வந்தது மாமி, இன்னும் வாசிக்கேல்லை எண்டுவன். ரெண்டும் உண்மைதானே? வாசிச்சால் அவாவுக்குப் பொய் சொல்ல வேண்டி வரும்" என்றார்.

எனக்குக் கை சும்மா இருக்குமா? அக்கா மீற்றிங்குக்குப் போன ஒரு காலையில் அதே பெயரை என் கொம்பியூட்டரிலிருந்து அனுப்பி, வந்ததை முழுக்க வாசித்தேன். அந்தத் தேடல் சேவை எப்போதோ நிறுத்தப்பட்டுவிட்டது என்ற அறிவித்தல்தான் அதில் இருந்தது. எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அதுதான் வரும். ஐயோ, ஏன் பார்த்தேன் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து, அக்கா மேசையில் விட்டுப்போன போன் அடித்தது. மாமிதான். அக்கா மீற்றிங்கில், நான் கூட வேலை செய்கிறவன் என்றேன்.

"பதில் வந்ததோ தம்பி?"

"ஓம் அம்மா, வந்தது."

"நீங்கள் வாசிச்சனீங்களோ?"

இல்லை என்றேன்.

"வாசியாதேங்கோ. என்ர மருமகளையும் வாசிக்க விடாதேங்கோ. மகன் வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. நான் அவன்ர வரவைப் பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டு நினைச்சுத்தான் அவள் காலமையில எழும்பிறாள்."